பழைய பெரிய வண்டியும் எரிபொருள் சிக்கனமும்

தமிழ்நாட்டை விட்டு மும்பை, புனே, ஐதராபாத் முதலிய நகரங்களில் குடியேறி வாழும் நம்மவருள் பலரிடம், பெரிய ஜீப்பு வகை மோட்டார் வண்டி ஒன்று நெடுங்காலமாக இருந்து வருவதைக் காண்கிறோம். 1994இல் வெளிவந்த டாட்டா சுமோ, 2000இல் வந்த டொயோட்டா குவாலிஸ், அதே ஆண்டில் வந்த மகிந்திரா பொலேரோ ஆகியவை இவ்வகையைச் சார்ந்தவை. சுமோவும் குவாலிஸும் இப்போது தயாராவதில்லை. ஆயினும் தயாரான வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. எட்டுப் பேரையும் அவர்தம் மூட்டை முடிச்சுகளையும் சுமந்து, கோடை விடுமுறையில் ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கும் வண்டியை விற்க யாருக்கு மனம் வரும்? டீசல் நிரப்பும்போதுதான் மனம் கலங்குகிறது. அச்செலவைக் குறைக்க வழியுண்டா, உண்டெனில் எவ்வளவு குறையும் என்பதை நேயர்களுடன் சேர்ந்து ஆராய்வோம்.

வடநாட்டிலும் மராட்டியத்திலும் 'வண்டி என்ன ஆவரேஜ் தருகிறது?' என்று கேட்பார்கள். நாம் மைலேஜ் என்பதையே அவர்கள் அப்படிக் குறிக்கிறார்கள். எந்தச் சொல்லால் கேட்டாலும், லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்னும் கணக்கு நம்மைச் சற்று ஏமாற்றுகிறது. மும்பையிலிருந்து சென்னைக்குச் சாலை வழியே ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடும் சிறிய கார் இப்பயணத்திற்கு 65 லிட்டர் கொள்ளும். அதை 22 ஆக உயர்த்தினால் 59 லிட்டர் போதும். மிச்சம் 6 லிட்டர். நிறைந்த சுமையோடு விரைந்தோடி, லிட்டருக்கு 8 கிலோமீட்டர் மட்டுமே தரும் பெரிய வண்டிக்கோ 162 லிட்டருக்கு மேல் வேண்டும். அதுவும் அதே 2 கிலோமீட்டர் உயர்ந்து 10 ஆனால் 130 லிட்டரில் பயணம் முடிந்துவிடும். மிச்சம் 32 லிட்டர்! லிட்டர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் போக வர 5,800 ரூபாய்க்கு மேல் கையில் நிற்கும். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த லாரிக், சோல் என்னும் இரு அறிஞர்கள் மக்களின் இந்தக் கணக்கு மயக்கத்தை 2008இல் 'சயன்ஸ்' இதழில் எடுத்துக்காட்டினர். பழைய வண்டிதானே, இனி என்ன பார்த்து என்ன பயன் என்று கைவிடுவோர் உண்மையில் மிகுதியாகச் சேமிக்கக்கூடிய இடத்தையே கைவிடுகிறார்கள்.

அந்த 2 கிலோமீட்டர் எங்கிருந்து வரும்? பெரும்பகுதி வேகத்தைக் குறைப்பதிலிருந்துதான் வரும். ஜீப்பு வகை வண்டி அகலமும் உயரமும் உடையது. முகப்போ சுவர்போல் நிமிர்ந்து நிற்பது. ஓடும்போது முன்னே நிற்கும் காற்றையெல்லாம் அது தள்ளிக்கொண்டே செல்ல வேண்டும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வளர்வது. ஆகவே 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80க்கு இறங்கினால், வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது. எதிர்ப்போ நூற்றுக்கு 36 பங்கு குறைந்துவிடுகிறது. இதற்கு நாம் கொடுக்கும் விலை, நூறு கிலோமீட்டருக்குக் கால்மணி நேரம். நாளொன்றுக்கு 400 கிலோமீட்டர் செல்வோர் ஒரு மணி நேரம் முன்னதாகப் புறப்பட்டால் சரியாயிற்று. வண்டிகள் 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் மிகச் சிக்கனமாக ஓடும் என்பது பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கத்தின் அறிவுரை. நால்வழிச் சாலையில் அவ்வளவு மெதுவாகச் செல்வது பின்வரும் லாரிகளுக்கு இடையூறு ஆகலாம். 80 என்பது நடைமுறைக்கு ஒத்த அளவு என்று கருதுகிறோம்.

காற்றை எண்ணும்போது கூரைமேல் இருக்கும் கேரியரையும் எண்ண வேண்டும். ஊர் செல்லும்போது பெட்டி படுக்கை, திரும்பும்போது அரிசி மூட்டை, புளி, வடகம், சில வேளை ஒரு கிரைண்டர் என்று எல்லாம் மேலேதான் ஏறுகின்றன. கூரைமேல் பெட்டி வைத்து நெடுஞ்சாலையில் ஓடினால் நூற்றுக்கு 6 முதல் 17 பங்கு வரை மைலேஜ் குறையும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை கூறுகிறது. தாழ்வாரம்போல் படபடக்கும் தார்ப்பாயைப் பற்றிச் சொல்லவே வேண்டா. ஆகவே பளுவான பொருள்களை இருக்கைகளுக்கு இடையே தாழ வைத்து, எஞ்சியதை மட்டும் மேலே தட்டையாகப் பரப்பி இறுகக் கட்டுவது நன்று. ஆண்டுக்கு இருமுறை பயன்படும் கேரியரை மற்ற நாட்களில் கழற்றி வைக்கலாம். வெறுங்கேரியரும் காற்றைத் தடுக்கவே செய்யும்.

டயரில் காற்றழுத்தத்தைக் காலையில், வண்டி ஓடுமுன் பார்க்க வேண்டும். ஓடிச் சூடேறிய டயர் மிகுதியான அழுத்தம் காட்டி மயக்கும். நிறைந்த சுமைக்குப் பின்சக்கரங்களுக்கு வேண்டிய அழுத்தம் வேறு. அது வண்டியின் கையேட்டில் இருக்கும். அழகுக்காகப் பெரிய டயர் மாட்டியவர்களுக்கு ஒரு செய்தி: சக்கரத்தின் சுற்றளவு கூடுவதால் தூரமானி குறைத்தே காட்டும், ஆகவே அவர்கள் போடும் மைலேஜ் கணக்கும் தவறும்.

பட்டறையில் கேட்க வேண்டியவை சில. சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினால் தடையின்றிச் சுழல்கிறதா? சிறிது தூரம் ஓடியபின் ஒரு சக்கரம் மட்டும் மிகையாகச் சுடுமாயின் அங்கே பிரேக்கு பிடித்துக்கொண்டிருக்கிறது என்று ஐயுறலாம். கரும்புகை வந்தால் ஏர் ஃபில்டரையும் நாஸில்களையும் பார்க்கச் சொல்ல வேண்டும். இன்னொன்று பலரும் அறியாதது. எஞ்சின் சூடாகிறது என்று சொன்னால், தெர்மோஸ்டாட் வால்வையே கழற்றி எறிந்துவிடும் வழக்கம் சில மெக்கானிக்குகளிடம் உண்டு. அதன்பின் எஞ்சின் தனக்குரிய சூட்டை எட்டாமலே ஓடி, எண்ணெயை வீணே குடிக்கும். ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, புதிய வால்வு போடச் சொல்வதே முறை.

மலைச்சரிவில் நியூட்ரலில் விட்டு இறங்கினால் டீசல் மிச்சம் என்று நம்புவோர் உண்டு. இது பொய்யான சிக்கனம். கியரில் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுகின்றன. டீசல் பம்பு எண்ணெய் விடுவதை ஏறத்தாழ நிறுத்திவிடுகிறது. நியூட்ரலிலோ எஞ்சின் தானே ஓட வேண்டியிருப்பதால் எண்ணெய் செலவாகிறது. அதைவிடக் கொடியது, எஞ்சினின் பிடிப்பை இழந்த வண்டியை பிரேக்கு மட்டுமே தாங்க வேண்டும் என்பது. கண்டாலா மலைவழியிலும், தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாயிலும், எட்டு உயிர்களை ஏற்றிய வண்டியில் இதைச் செய்யலாகாது.

பெட்ரோல் வண்டி வைத்திருப்போர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். 2025இல் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் பரவியது. எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலினதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. பழைய நான்கு சக்கர வண்டிகளில் மைலேஜ் 6 முதல் 7 பங்கு வரை குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டு அறிக்கையே குறிப்பிட்டது. அந்த அளவு குறைந்தால் மெக்கானிக்கைக் குறைகூற வேண்டா. பழைய ரப்பர்க் குழாய்கள் கசிகின்றனவா என்று மட்டும் பார்க்கச் சொல்லலாம்.

கடைத்தெருவில் விற்கும் காந்தக் கருவிகளையும் மந்திரத் துளிகளையும் வாங்குவது வீண். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இத்தகைய கருவிகள் நூற்றுக்கு மேற்பட்டவற்றைச் சோதித்து, மிகச் சிலவற்றிலேயே, அதுவும் சிறிதளவே, பயன் கண்டது.

இத்தனை பாடுபடுவதைவிடப் புது வண்டி வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் ஓடும் குடும்ப வண்டி, லிட்டருக்கு 10 தந்தால் 600 லிட்டர் கொள்ளும். 15 தரும் புது வண்டி 400 லிட்டர் கொள்ளும். மிச்சம் 18,000 ரூபாய். பத்து லட்சம் ரூபாய்க் கடனுக்கு நூற்றுக்கு 9 வட்டி என்றால், முதலாண்டு வட்டியே 90,000 ரூபாயை நெருங்கும். வாடகைக்கு ஓட்டி ஆண்டுக்கு 40,000 கிலோமீட்டர் செல்பவரின் நிலை வேறு. அவருக்கு 1,300 லிட்டருக்கு மேல், அதாவது 1,20,000 ரூபாய் அளவில் மிஞ்சும். அவர் புது வண்டியைப் பற்றி எண்ணிப் பார்ப்பதில் நியாயம் உண்டு.