கொலைகாரனுக்காக நெஞ்சு துடிப்பானேன்?

இரவெல்லாம் கண்விழித்து ஒரு நாவலைப் படித்து முடித்தேன் என்று எவரேனும் சொன்னால், அதை வீண்பொழுது என்று இகழும் பெரியோர் நம்மிடையே உண்டு. பொதுக் காரியங்களில் ஈடுபட்ட அன்பர்கள் பலருக்கும் இதுவே அபிப்பிராயம். இதனை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை.

தூக்கத்தைக் கெடுக்கும் நாவல்கள் தமிழுக்குப் புதியன அல்ல. ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனும், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாரும், மேனாட்டுக் கதைகளைத் தழுவி ஆரணி குப்புசாமி முதலியார் எழுதிக் குவித்த நூல்களும் இல்லாவிடில், நாவல் படிக்கும் பழக்கமே நம் நாட்டில் இவ்வளவு பரவியிராது. ஆயினும் அவ்வகை நூல்களில் வாசகனை இழுத்துச் செல்வது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: செய்தவன் யார்? விடை தெரிந்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறோம்.

1866-ஆம் ஆண்டில் ருஷ்யப் பத்திரிகை ஒன்றில் தொடர்கதையாக வந்த தாஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' இதற்கு நேர்மாறானது. எம். ஏ. சுசீலா அம்மையாரின் மொழிபெயர்ப்பில் அது தமிழிலும் கிடைக்கிறது. படிப்பைத் தொடரப் பணமில்லாத ரஸ்கோல்னிக்கவ் என்ற மாணவன், அடகு பிடிக்கும் கிழவி ஒருத்தியைக் கோடாரியால் கொல்கிறான். எதிர்பாராமல் உள்ளே வந்த அவள் தங்கையையும் கொன்றுவிடுகிறான். இவ்வளவும் முதற்பாகத்திலேயே முடிந்துவிடுகிறது. எஞ்சிய ஐந்து பாகங்களுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். கதையே அங்கேதான் ஆரம்பமாகிறது.

கடனாநதி பாயும் ஆழ்வார்குறிச்சியில், நண்பர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பதாக இந்நூல் சில மாலைகள் நடந்தது. நாமும் உடனிருந்தோம். கொலை நடந்த அறைக்கு வெளியே யாரோ வந்து நின்று கதவை இழுக்கிறார்கள். நாதாங்கி ஆடுகிறது. உள்ளே கொலைகாரன் மூச்சடக்கி நிற்கிறான். அந்தக் கட்டத்தில், வெற்றிலை மென்றுகொண்டிருந்த பெரியவர் ஒருவர், "அடப்பாவி, மாட்டிக்கிடப் போறானேவே!" என்று தம்மை மறந்து கூவிவிட்டார். மறுகணம் அவருக்கே வெட்கமாகப் போயிற்று. இரண்டு ஸ்திரீகள் ரத்தத்தில் கிடக்கிறார்கள். நாம் எவன் தப்ப வேண்டுமென்று துடிக்கிறோம்!

இது ஏதோ ஜாலவித்தை அன்று. ஆசிரியர் முதலில் இக்கதையைக் குற்றவாளியே கூறும் வாக்குமூலமாக எழுதத் தொடங்கிப் பின்பு கைவிட்டார். கூறுபவர் மாறிய பிறகும் கதை அந்த மாணவனின் தோளை விட்டு அதிகம் அகலுவதில்லை. அவன் வீட்டிலிருந்து கிழவியின் வீட்டுக்கு எழுநூற்று முப்பது அடி என்று அவன் எண்ணி வைத்திருப்பதும் நமக்குத் தெரியும். மேலும், தாஸ்தயேவ்ஸ்கி குற்றவாளிகளைத் தூரத்திலிருந்து பார்த்தவரல்லர். அரசியல் குற்றத்துக்காக 1849 டிஸம்பரில் மரண மேடை வரை கொண்டுபோகப்பட்டு, கடைசி நிமிஷத்தில் தண்டனை மாற்றப்பெற்று, ஸைபீரியச் சிறையில் கொலைஞர்களோடு நான்கு வருஷம் கிடந்தவர்.

மூன்றாம் பாகத்தில் விசாரணை அதிகாரி போர்ஃபிரி வருகிறார். அவர் கையில் ரத்தக்கறையும் இல்லை, தடயமும் இல்லை. அந்த மாணவன் முன்பு எழுதிய கட்டுரை ஒன்றே இருக்கிறது. நெப்போலியனைப் போன்ற அசாதாரண மனிதர்களுக்கு, தங்கள் லட்சியத்துக்காக ரத்தத்தைத் தாண்டிச் செல்ல உரிமை உண்டு என்பது அதன் வாதம். 'தாங்களும் அந்த வகையைச் சேர்ந்தவர்தாமோ?' என்று விளையாட்டாகக் கேட்பவர்போல் அதிகாரி கேட்கிறார். இதைவிடப் பயங்கரமான துரத்தலை எந்தத் துப்பறியும் நாவலிலும் நாம் கண்டதில்லை.

இந்த இடத்தில் வாசிப்பு நின்றது, வாதம் தொடங்கிற்று. திருநெல்வேலிச் சீமையில் அது தொடங்காமல் இராது. ஆழ்வார்குறிச்சி வழியாகச் செல்லும் இருப்புப் பாதை செங்கோட்டைக்குப் போகிறது. அவ்வூர் வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17-இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுக் கொன்றான். அந்நிய ஆட்சியின் அதிகாரியையும் அடகுக்காரியையும் ஒரே தராசில் நிறுப்பது அநியாயம் என்று ஒரு சாரார் சொன்னார்கள். அது சரியே. வாஞ்சி எவருடைய பணப்பைக்கும் ஆசைப்பட்டவனல்லன். ஆனால் இளைஞர் ஒருவர் வேறொன்றைச் சுட்டிக் காட்டினார். வாஞ்சி அந்த இடத்திலேயே தன்னையும் சுட்டுக்கொண்டான். அவனுக்கு மறுநாள் இல்லை. ருஷ்ய மாணவனுக்கோ மறுநாளும் அதற்கு மறுநாளும் உண்டு. தாயின் முகத்தையும் தங்கையின் முகத்தையும் பார்க்க வேண்டும், நண்பனோடு பேச வேண்டும். லட்சியத்துக்காக ரத்தம் சிந்தலாம் என்று மேடையில் முழங்குவோர் அந்த மறுநாளைப் பற்றி ஏன் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்று அவர் கேட்டார்.

பெரியவர் சீறினார். மற்றொருவர் காந்தியடிகளை இழுத்தார். விளக்கை அணைக்க நெடுநேரமாயிற்று. புத்தகத்திலோ இன்னும் மூன்று பாகங்கள் பாக்கி இருந்தன.