மாறும் சுவை, மாறாத ஹலால்



நம் மதரஸாவில் ஓதிச் சென்ற மாணவி ஒருத்தி, மணமுடித்துக் கணவருடன் ஸ்பெயின் நாட்டின் வலென்சியா நகரில் வாழ்கிறாள். அங்குச் சென்றபின் வந்த முதல் ரமலானில் தொலைபேசியில் என்னிடம் கலங்கிக் கேட்டாள்: "உஸ்தாபி! இங்கே சீரகச் சம்பா இல்லை, கறிவேப்பிலை இல்லை, எண்ணெயும் வேறு. உம்மாவின் கைப்பக்குவம் ஒவ்வொன்றாய்ப் போகிறது. இப்படியே மார்க்கமும் கொஞ்சம் கொஞ்சமாய்க் கைநழுவிவிடுமோ என்று பயமாயிருக்கிறது. எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது?"

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன விடையே இக்கட்டுரை. பிள்ளைகளை அயல்நாட்டுக்கு அனுப்பியுள்ள ஒவ்வொரு வீட்டாருக்கும் இது பயன்படும் என நம்புகிறேன்.

வழக்கம் வேறு, சட்டம் வேறு

அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் நடந்த நிகழ்ச்சி நாம் அறிந்ததே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் முன் சுட்ட உடும்பு இறைச்சி வைக்கப்பட்டது. இன்னதென்று அறிந்ததும் அண்ணலார் கையை எடுத்துக்கொண்டார்கள். இது ஹராமா எனக் காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் வினவ, அன்று என்றும், தம் சமூகத்தார் வாழும் மண்ணில் இல்லாத உணவாதலால் மனம் ஒப்பவில்லை என்றும் விளக்கினார்கள். காலித் (ரலி) அதை அங்கேயே உண்டார்கள், அண்ணலார் தடுக்கவில்லை. உடும்பு குறித்த மத்ஹபுச் சட்டம் தனி. இங்கு நாம் கற்க வேண்டியது, நாவின் பழக்கம் ஒன்று, அல்லாஹ்வின் வரம்பு மற்றொன்று என்பதே. முன்னது ஊருக்கு ஊர் மாறலாம். பின்னது எவ்வூரிலும் மாறாது.

அடுப்பே சாட்சி சொன்ன காலம்

ஸ்பெயினில் இந்த உண்மைக்குத் தனிப் பொருள் உண்டு. கி.பி. 711-இல் முஸ்லிம்கள் கால் வைத்த அம்மண்ணில் அரிசியும் கரும்பும் கத்தரியும் குங்குமப்பூவும் அவர்களால் பரவித் தழைத்தன. இன்றும் அரிசியை 'அரோஸ்' என்றும், சர்க்கரையை 'அஸூகார்' என்றும், எண்ணெயை 'அஸைத்தே' என்றும், குங்குமப்பூவை 'அஸஃப்ரான்' என்றும் அம்மக்கள் அழைக்கின்றனர். அனைத்தும் அரபுச் சொற்களே.

1492-இல் கிரனடா வீழ்ந்தது. 1502-இல் காஸ்டீல் நாட்டு முஸ்லிம்கள் மதம் மாற வேண்டும், இல்லையேல் வெளியேற வேண்டும் என ஆணை பிறந்தது. வெளித்தோற்றத்தில் மதம் மாறியோரை 'மொரிஸ்கோ' என்றழைத்தனர். அவர்களைக் காட்டிக்கொடுத்தது எது தெரியுமா? சமையலறைதான்! பன்றிக் கொழுப்பை விடுத்து எண்ணெயில் சமைத்தாள், பன்றி இறைச்சியையும் மதுவையும் மறுத்தான் என்பவையெல்லாம் மத விசாரணை மன்றத்தில் குற்றச்சான்றுகளாயின. இறுதியில் 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ 3 லட்சம் பேர் நாடு கடத்தப்பட்டனர். முதலில் வெளியேற்றப்பட்டவர்கள் என் மாணவி இன்று வாழும் வலென்சியாவின் மக்களே. சீரகச் சம்பாவுக்காக எவரும் அத்துன்பத்தைத் தாங்கவில்லை, சகோதரிகளே! ஹலாலுக்காகத் தாங்கியோர் உண்டு.

எவற்றை மாற்றலாம்?

அரிசி: வலென்சியாவின் அல்புஃபேரா ஏரிக்கரையில் நெல் விளைகிறது. அவ்வேரியின் பெயரும் 'அல்புஹைரா' என்னும் அரபுச் சொல்லே. அங்குள்ள 'போம்பா' அரிசி குட்டையானது. தன் அளவைப்போல் மூன்று மடங்கு வரை நீரை உறிஞ்சியும் குழையாது நிற்பது. ஆனால் சீரகச் சம்பாவின் மணம் அதற்கில்லை. பிரியாணிக்கும் நெய்ச்சோற்றுக்கும் பாகிஸ்தானியர் கடைகளில் பாஸ்மதி வாங்கிக்கொள்ளலாம். நோன்புக் கஞ்சிக்கோ மலிவான சாதாரண உருண்டை அரிசியே போதும். ஒரு கோப்பை அரிசியை நொய்யாக உடைத்து, எட்டுக் கோப்பை நீரில் வெந்தயமும் பூண்டும் கொத்துக்கறியும் சேர்த்து வேகவிட்டால் தானே கூழாய் இறுகும். புதினா அங்கே எளிதில் கிடைக்கும்.

தேங்காய்: டப்பாவில் தேங்காய்ப்பால் உண்டு. எனினும் வாதுமை விளையும் நாடு அது. அரைக்கிலோ கறிக்கு இருபது வாதுமைப் பருப்பை ஊறவைத்துத் தோலுரித்து அரைத்து ஊற்றினால் குருமா கெட்டிப்படும், சுவையும் குன்றாது.

மிளகாய்த்தூள்: 'பிமென்தோன்' எனும் செந்தூளில் இனிப்பானதும் உண்டு, காரமானதும் உண்டு. லா வேரா பகுதித் தூள் புகையில் உலர்த்தப்படுவதால் குழம்பில் புகைமணம் வீசும், பார்த்து வாங்குக. சூடான எண்ணெயில் இட்டால் நொடியில் கருகிக் கசக்கும். அடுப்பைத் தணித்தபின் சேர்க்க வேண்டும்.

மல்லித்தழை: கடைகளில் மிகுதியாகக் காணும் 'பெரெஹில்' மல்லிபோல் தோன்றும், ஆனால் மல்லியன்று. 'ஸிலாந்த்ரோ' என்று கேட்டு வாங்குக. மொரோக்கோ மக்களின் கடைகளில் கிடைக்கும்.

எண்ணெய்: பாக்கியம் பெற்ற மரத்தின் எண்ணெய் என நம் நாயகம் (ஸல்) அவர்கள் புகழ்ந்த ஆலிவ் எண்ணெய் அந்நாட்டின் அன்றாட எண்ணெய். அதன் மணம் பழகாதவர் தாளிப்பதற்குச் சூரியகாந்தி எண்ணெயைக் கொள்ளலாம்.

கருப்பட்டியும் வெல்லமும்: தென்னமெரிக்கர் கடைகளில் கிடைக்கும் 'பனேலா' நம் வெல்லத்தின் உடன்பிறப்பே. மாலகா அருகே ஃப்ரிஹிலியானா என்னும் மலையூரில் ஆக்கப்படும் கரும்புப் பாகும் உண்டு. முட்டையும் தேங்காய்ப்பாலும் இவற்றில் ஒன்றும் சேர்த்து வேகவைத்தால் வட்டிலாப்பம் ஆயத்தம்!

எவற்றில் எச்சரிக்கை?

இங்கேதான் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். 'மன்தெகில்யா' என்பது வெண்ணெய். 'மன்தேகா' என்பதோ அங்குப் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு! பெயரின் சிறு வேறுபாட்டில் ஹராம் வீட்டுக்குள் வந்துவிடும். 'மன்தெகாதோ', 'போல்வொரோன்' எனும் பண்டிகைத் தின்பண்டங்களும், மயோர்க்காத் தீவின் 'என்ஸைமாதா' ரொட்டியும் வழக்கமாகப் பன்றிக் கொழுப்பில் செய்யப்படுபவை. 'ஸெர்தோ' என்றால் பன்றி. 'ஹமோன்' என்றால் அதன் தொடை. 'வீனோ' என்றால் மது. இச்சொற்களை எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைப்பது நலம்.

பெயரைக் கண்டு ஏமாறவும் கூடாது. கோளா உருண்டை போன்ற 'அல்பொந்திகா' அரபுப் பெயர் தாங்கியது; கடைகளில் விற்பதிலோ பன்றி இறைச்சி கலந்திருப்பது சாதாரணம். மாறாக, 'தோஸினோ தெ ஸியேலோ' என்பதற்குப் 'வானுலகப் பன்றிக் கொழுப்பு' என்பது பொருள். உள்ளே இருப்பதோ முட்டைக் கருவும் சர்க்கரைப் பாகும்! பெயரைப் பார்த்து உண்ணவும் வேண்டா, ஒதுக்கவும் வேண்டா; உள்ளீட்டுப் பட்டியலைப் படியுங்கள். உணவகங்களில் காய்கறி, பருப்பு வகைகளிலும் பன்றித் துண்டுகளை இடுவது உண்டு. கேட்காமல் உண்ணாதீர்.

கணவாய், சிப்பி முதலிய கடல் உணவுகள் அங்கே மிகுதி. ஷாஃபிஈ மத்ஹபினர்க்கு விரிவான அனுமதி உண்டு. ஹனஃபிகள் தத்தம் ஆலிம்களிடம் கேட்டு நடந்துகொள்க. ஒயினிலிருந்து ஆகும் வினிகர் பற்றியும் மத்ஹபுகளிடையே நுட்பமான சட்ட வேறுபாடு உண்டு. ஐயமுற்றால் எலுமிச்சை இருக்கவே இருக்கிறது!

பிள்ளைகளின் தட்டு

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உண்பது என்ன? இதைத்தான் தாய்மார் மறந்துவிடுகின்றனர். எந்த நாடு சமையலறையை வேவு பார்த்ததோ, அதே நாடு 1992-இல் ஸ்பெயின் இஸ்லாமிய ஆணையத்துடன் செய்த உடன்பாட்டைச் சட்டமாக்கியது. பள்ளிப் பிள்ளைகளின் உணவை, கோரிக்கை வைத்தால், இஸ்லாமிய நெறிக்கேற்ப அமைக்க முயல வேண்டும் என்கிறது அச்சட்டம். கேட்டால்தானே கிடைக்கும்? நாணி வாய்மூடி இருத்தலாகாது.

13-ஆம் நூற்றாண்டில் முர்சியாவில் பிறந்த இப்னு ரஸீன் துஜீபீ என்னும் அறிஞர், தாயகத்தை இழந்து துனீஸில் வாழ்ந்தபோது தம் நாட்டுச் சமையலையெல்லாம் தொகுத்து நூலாக்கினார். ஊர்ச்சுவைக்கு ஏங்குவது பிழையன்று. அது மனித இயல்பு. ஆகவே என் மாணவிக்குச் சொன்னேன்: "மகளே, உம்மாவின் கைப்பக்குவத்தை எழுதி வை, அந்த மண்ணின் அரிசியில் ஆக்கு. கஞ்சியின் சுவை மாறட்டும். அதைக் குடிக்குமுன் நீ சொல்லும் பிஸ்மி மாறாதிருந்தால் போதும்."

எம்மண்ணில் வாழினும் ஹலாலான ரிஸ்கையே உண்டு வாழும் நற்பேற்றை வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்கும் நமக்கும் அருள்வானாக! ஆமீன்.