உலரும் எண்ணெயும் உலராத எண்ணெயும்

பினாங்கு மாநிலத்துத் தாசேக் கெலுகோரிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பழத்தோட்டத்தைக் காட்டுப்பன்றிகளிடமிருந்து காப்பதற்கென்று அவருடைய தகப்பனார் உரிமம் பெற்று வைத்திருந்து, பின்னர் முறைப்படி மகன் பெயருக்கு மாறிய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று அவரிடம் இருக்கிறது. இரும்புப் பாகம் இன்றும் பளபளவென்று இருக்க, கட்டை மட்டும் சில இடங்களில் வெளுத்தும், இரும்பை ஒட்டிய இடங்களில் கறுத்தும், மழை மாதங்களில் பூஞ்சை படிந்தும் பார்க்கச் சகிக்காமல் கிடக்கிறதாம். அண்டை வீட்டுப் பெரியவர் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார். கடைக்காரர் 'மரத்துக்கு உணவு' என்று அச்சிட்ட ஒரு டப்பாவை நீட்டுகிறார். வேறொருவர் ஆளிவிதை எண்ணெயே உத்தமம் என்கிறார். எதைத் தடவுவது, எப்படித் தடவுவது என்பது அவருடைய கேள்வி. எங்கள் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் சீந்துவாரற்று உதிர்ந்து கிடக்கும் கொட்டைகளின் எண்ணெய் இதற்கு உதவுமா என்று கடிதத்தின் அடியில் மற்றொரு கேள்வியையும் சேர்த்திருக்கிறார். கடிதத்தில் என் மனத்தைப் பிடித்தது இந்த இரண்டாவது கேள்விதான்.

கடைக்காரருடைய டப்பாவை முதலில் தீர்த்துவிடுவோம். மரம் வெட்டுண்ட அன்றே மடிந்துவிட்டது. மடிந்த பொருளுக்கு உணவு ஏது? எண்ணெய் மரத்தின் ஆழத்துக்கு ஊறிச் சென்று உள்ளிருந்து காக்கிறது என்னும் பேச்சும் நிற்காது. குறுக்கே அறுத்த முனைகளில் சற்று ஆழமாக இறங்குமே தவிர, பக்கவாட்டில் அது ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்கைத் தாண்டுவது அரிது. ஈரத்தைத் தடுத்துவிடும் என்பார்கள். அமெரிக்காவில் மாடிசன் நகரத்து அரசாங்க வனப்பொருள் ஆராய்ச்சிச் சாலை இதைச் சோதித்திருக்கிறது. ஆளி எண்ணெயை மூன்று முறை பூசிய மரத்துண்டும், ஒன்றுமே பூசாத மரத்துண்டும், இரண்டு வாரம் ஈரக்காற்றில் இருந்த பிறகு ஏறக்குறைய ஒரே அளவு ஈரத்தை ஏற்றிருந்தன. ஆண்டு முழுவதும் காற்றின் ஈரப்பதம் சராசரியாக நூற்றுக்கு எண்பதை ஒட்டியே நிற்கும் பினாங்கு மாநிலத்தில் வாழ்பவர், இந்த முடிவை மனத்தில் இருத்திக்கொண்டுதான் மேற்கொண்டு படிக்க வேண்டும்.

அப்படியானால் எண்ணெய் எதற்கு? மேலே விழுந்த மழைத்துளி உடனே உள்ளே இறங்காமல் துடைத்தெடுக்க அவகாசம் தருகிறது. வியர்த்த கையில் வழுக்காத பிடிமானம் தருகிறது. மரத்தின் ரேகைகளை எழுப்பிக் காட்டுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கீறல் விழுந்த இடத்தில் மட்டும் மறுபடி ஒரு துளி தடவிச் சரிசெய்ய இடம் கொடுக்கிறது. வார்னிஷ் உரிந்தால் முழுவதையும் சுரண்ட வேண்டும். இவ்வளவு நன்மை போதுமென்று நான் கருதுகிறேன். இல்லாத மகிமைகளை ஏற்றிச் சொல்ல அவசியமே இல்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். இரண்டு உலக யுத்தங்களிலும் பிரிட்டிஷ் இந்தியச் சிப்பாய்கள் தோளில் சுமந்ததும், கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி நதிக்கரையில் இஷாப்பூர்த் தொழிற்சாலையில் பல ஆண்டுகள் உற்பத்தியானதுமான லீ-என்ஃபீல்டு துப்பாக்கியின் பின்கட்டைக்குள் ஒரு சிறு பொந்து உண்டு. பித்தளைத் தகட்டிலுள்ள மூடியைத் திறந்தால், குழலைத் துடைக்கும் கயிறும், ஒரு சிறு எண்ணெய்ப் புட்டியும் உள்ளே இருக்கும். அந்தப் புட்டியிலிருப்பது நிலத்தடியிலிருந்து எடுத்த கனிம எண்ணெய்; அது இரும்புக்கு உரியது; எத்தனை நாளானாலும் உலராமல் இருப்பதே அதன் தர்மம். அதே சிப்பாய் கட்டைக்குத் தேய்த்ததோ ஆளி எண்ணெய். உலர்ந்து இறுகுவதே அதன் தர்மம். இடம் மாறினால் இரண்டும் கேடு: ஆளி எண்ணெய் விசையில் பட்டால் பிசினாகி விசையை நெருக்கும்; கனிம எண்ணெய் கட்டையில் ஊறினால் மரம் கறுத்து மென்மையாகிவிடும். வாசகரின் துப்பாக்கியில் இரும்பை ஒட்டிய இடங்கள் கறுத்திருப்பதற்கு, தகப்பனார் குழலுக்கு இட்ட எண்ணெய் தலைமுறைக் கணக்கில் கசிந்து ஊறியதே காரணமாக இருக்க வேண்டும்.

உலர்தல் என்றேன், ஆனால் இது ஈரத்துணி உலர்வதைப் போன்றதன்று. துணி உலர்ந்தால் நீர் ஆவியாகி எடை குறைகிறது. ஆளி எண்ணெய் 'உலர்ந்தால்' அதன் எடை பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. எண்ணெயிலிருந்து நீங்குவதைவிட அதில் வந்து சேர்வது அதிகம். வந்து சேர்வது காற்றிலுள்ள பிராணவாயு. அது எவ்வாறு சேர்கிறது என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

தோட்டத்து லயம் ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள்: ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளின் நீண்ட வரிசை. ஒவ்வொரு வீட்டின் முன்னும் இரண்டு ஜன்னல்கள். அவற்றுக்கு நடுவே திண்ணையில் ஓர் அம்மிக் குழவி. வீடு என்பது எண்ணெயின் கொழுப்பமிலச் சங்கிலி; ஜன்னல்கள் அதிலுள்ள இரட்டைப் பிணைப்புகள்; குழவி அவற்றுக்கு நடுவே நிற்கும் ஹைட்ரஜன் அணு. இரண்டு ஜன்னல்களுக்கு இடைப்பட்டிருப்பதனாலேயே அந்தக் குழவி மற்ற ஹைட்ரஜன்களைப் போல உறுதியாகப் பதிந்திருப்பதில்லை, தொட்டால் பெயர்ந்துவிடும். வெளிச்சத்தாலோ வெப்பத்தாலோ முதல் வீட்டுக் குழவி போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். காலியான இடத்தில், வழியோடு போன பிராணவாயு விருந்தாளியாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. உட்கார்ந்ததும், தனக்கு ஒரு குழவி வேண்டுமென்று அடுத்த வீட்டுக் குழவியைப் பெயர்த்தெடுத்துக்கொள்கிறது. இப்போது அடுத்த வீடு காலி. அங்கும் ஒரு விருந்தாளி. அதற்கடுத்த வீட்டுக் குழவியும் போகிறது. இவ்விதமாக லயத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து செல்வது குழவி அன்று, குழவி இல்லாமையே. குறை ஒன்று வீடு வீடாகப் பிரயாணம் செய்கிறது!

அத்துடன் முடியவில்லை. குழவியை ஏந்திய விருந்தாளி நெடுநாள் நிலைப்பதில்லை. உடைந்து போகும்போது ஒரு குறைக்குப் பதிலாக இரண்டு குறைகளைப் பிறப்பிக்கிறது. ஆகவே தடவிய புதிதில் நெடுநேரம் ஒன்றும் நடவாதது போலிருந்த எண்ணெய், பிறகு திடீரென்று வேகம் பிடிக்கிறது. குறைபட்ட வீடுகள் இரண்டு எதிர்ப்படும்போது, தனித்தனியே பிழைப்பதைவிடச் சேர்ந்து பிழைக்கலாமென்று நடுச்சுவரை இடித்து ஒன்றாகிவிடுகின்றன. சில இடங்களில் விருந்தாளியே உத்தரமாக நின்று இரு வீட்டையும் தாங்குகிறது. எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறும் மூன்று சங்கிலிகள் கொண்டது. அதாவது ஒவ்வொரு குடும்பத்துக்கும் மூன்று லயங்களில் மூன்று வீடுகள். ஆதலால் மூன்று திசையிலும் சுவர்கள் இடிந்து இடிந்து, கடைசியில் தோட்டம் முழுவதும் ஒரே கூரையின் கீழ் ஒரே வீடாகிவிடுகிறது. அந்த நிலையை அடைந்த பிறகு எந்தக் குடும்பமும் தனியே புறப்பட்டுப் போக முடியாது. துடைத்தால் வராத, கரைத்தாலும் எளிதில் கரையாத மெல்லிய தோல் என்று நம் கை உணர்வது அந்த ஒரே வீட்டைத்தான்.

எந்த எண்ணெய் உலரும் என்பது ஜன்னல்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒரே ஜன்னலுள்ள ஓலெயிக் அமிலம் பிராணவாயுவை ஏற்கும் வேகத்தை 1 என்று கொண்டால், இரண்டு ஜன்னலுள்ள லினோலெயிக் அமிலத்துக்குச் சுமார் 40; மூன்று ஜன்னலுள்ள லினோலெனிக் அமிலத்துக்குச் சுமார் 100. ஆளி எண்ணெயில் பாதிக்குப் பாதி அந்த மூன்றாவது வகை. ஜன்னல்களின் நிறைவை அயோடின் எண் என்ற அளவால் குறிப்பார்கள்: ஆளிக்கு அது 170-க்கு மேல், நல்லெண்ணெய்க்கு 110-ஐ ஒட்டி, செம்பனை எண்ணெய்க்கு ஐம்பதைச் சற்றே தாண்டி, தேங்காய் எண்ணெய்க்குப் பத்தைக்கூட எட்டுவது அபூர்வம். அண்டை வீட்டுப் பெரியவரிடம் மரியாதையோடு சொல்லிவிடுங்கள்: தேங்காய் எண்ணெய் தலைக்கு நல்லது, கட்டையில் அது என்றென்றும் எண்ணெயாகவே இருந்து தூசியைச் சேர்க்கும்.

ஆரோக்கிய உணவுக் கடைகளில் விற்கும் ஆளி எண்ணெயும் அதே விதையிலிருந்து வந்ததுதானே என்று கேட்கலாம். விதை ஒன்றுதான், ஆனால் அது கெடாதிருக்க அதில் வைட்டமின் ஈ போன்றவற்றைச் சேர்ப்பதுண்டு. அவை தம்மிடமுள்ள குழவியை மனமுவந்து கொடுத்துவிட்டு, அடுத்த வீட்டைத் தேடிப் போகாமல் அமைதியாக இருந்துவிடும் குணமுடையவை. குறையின் பிரயாணம் அவற்றோடு நின்றுவிடுகிறது. உண்பவனுக்கு நன்மை, கட்டைக்கு அந்த எண்ணெய் நாட்கணக்கில் பிசுபிசுக்கும். இதற்கு நேர்மாறானது 'காய்ச்சிய ஆளி எண்ணெய்' என்று டப்பாவில் வருவது. இன்று பெரும்பாலும் அதை யாரும் காய்ச்சுவதில்லை. விருந்தாளியை விரைவில் உடைத்துக் குறைகளைப் பெருக்கும் கோபால்ட், மாங்கனீஸ் உப்புகளைக் கலக்கிறார்கள். பச்சை எண்ணெய்க்குப் பல நாள் ஆகும் காரியம் இதில் ஒரு நாளில் முடிகிறது.

சரித்திரத்துக்கு ஒரு பத்தி போதும். ஆப்கானிஸ்தானத்துப் பாமியான் குகைகளில் ஏழாம் நூற்றாண்டு வாக்கில் எழுதிய பௌத்த ஓவியங்களில் உலரும் எண்ணெய் இருப்பதை 2008-இல் கண்டறிந்தார்கள். இங்கிலாந்தில் பிரெடரிக் வால்டன் 1860-களில் ஆளி எண்ணெயை இறுகவைத்து, தக்கைத்தூள் கலந்து, சணல் துணிமேல் பரப்பி லினோலியம் செய்தார். லண்டன் துப்பாக்கிக் கம்மியர்கள் சிவப்பு வேர் ஊறிய ஆளி எண்ணெயை உள்ளங்கையால் வாரக்கணக்கில் தேய்த்தார்கள். இவர்களில் பெரும்பாலோர் காரணம் அறியாமலே காரியத்தைச் சரியாகச் செய்தவர்கள்.

காரணம் அறிந்தவர்க்குச் செய்முறை தானே விளங்கும். முதலில் துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று இருமுறை பாருங்கள்; உரிமம் இல்லாதவர் கையில், அவர் எத்தனை தேர்ந்த தச்சரானாலும், ஒப்படைக்காதீர்கள். கறுத்த இடங்களில் சுண்ணப்பொடியைக் கரைப்பானில் குழைத்து அப்பி, காயவிட்டுத் தட்டினால், ஊறிய கனிம எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக அது உறிஞ்சி எடுக்கும். பிறகு ஈரத்துணியால் ஒற்றி, சிலிர்த்தெழும் நார்களை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து நீக்குங்கள். எண்ணெயைத் துளியளவே உள்ளங்கையில் எடுத்துச் சூடு பிறக்கத் தேய்த்து, கால் மணி நேரம் கழித்து மேலே நிற்பது முழுவதையும் துடைத்துவிடுங்கள். தடிப்பாகப் பூசினால் மேற்பரப்பு முதலில் இறுகி, கீழே உள்ள எண்ணெய்க்குக் காற்றே கிடைக்காமல் செய்துவிடும். அது மாதக்கணக்கில் கொழகொழப்பாகவே நிற்கும். ஒரு பூச்சு விரலில் ஒட்டாத நிலை அடைந்த பின்பே அடுத்தது. தாசேக் கெலுகோரின் காற்றுக்கு என் தேர்வு ஆளியன்று, சீன தேசத்துத் துங் எண்ணெய். அதன் மூன்று இரட்டைப் பிணைப்புகளும் ஒன்றையொன்று அடுத்து அமைந்திருப்பதால் இன்னும் நெருக்கமாகப் பின்னிக்கொள்கிறது, பூஞ்சைக்கும் அவ்வளவாக இடம் கொடுப்பதில்லை. ஆனால் டப்பாவின் முகப்பில் துங் என்று எழுதிவிட்டு உள்ளே வார்னிஷும் கரைப்பானும் நிரப்புவது சகஜம். கலப்பற்றது என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

துடைத்த கந்தலைப் பற்றி நான் மிகவும் கவலைப்படுகிறேன். பிராணவாயு சேருந்தோறும் வெப்பம் பிறக்கிறது. கட்டையின் மேல் அது காற்றோடு போய்விடும். சுருட்டிப் போட்ட துணிக்குள் போக வழியின்றித் திரண்டு, வெப்பத்தால் வேகமும் வேகத்தால் வெப்பமுமாகப் பெருகித் துணி தானே தீப்பற்றும். பள்ளிப் பருவத்தில் கிரிக்கெட் மட்டைக்கு எண்ணெய் தடவி மூலையில் போட்ட துணியைச் சிறிது நேரம் கழித்து எடுத்தபோது, இஸ்திரி போட்ட சட்டையைத் தொட்டாற்போல் சுட்டது. அது எண்ணெயின் வேலை என்று அன்று எனக்குத் தெரியாது. 1991 பிப்ரவரி 23-ஆம் தேதி அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் ஒன் மெரிடியன் பிளாசா என்னும் மாளிகையின் 22-ஆம் மாடியில், மரப்பலகைகளைத் துடைத்த ஆளி எண்ணெய்க் கந்தல்கள் தாமே பற்றிக்கொண்டதால் எழுந்த தீ ஏறக்குறைய பத்தொன்பது மணி நேரம் எரிந்து, தீயணைப்பு வீரர் மூவரின் உயிரைக் குடித்தது. கந்தலைத் தண்ணீர் நிறைந்த தகர டப்பாவில் அமிழ்த்துங்கள், அல்லது வெளியே கொடியில் ஒற்றை மடிப்பாக விரித்துப் போடுங்கள்.

இனி ரப்பருக்கு வருகிறேன். லீ-என்ஃபீல்டின் குட்டையான வடிவம் ஒன்று, ஐந்தாம் எண் என்ற பெயரில், 1944 முதல் 1947 வரை தயாராகி, 1948-இல் தொடங்கிய அவசரகாலத்தில் மலாயாக் காடுகளில் நிறையப் புழங்கியது. அதன் உதை கடுமையாதலால், தோளில் படும் முனையில் ரப்பர்த் திண்டு ஒன்றைப் பொருத்தினார்கள். ரப்பர்ச் சங்கிலியும் ஜன்னல்கள் நிறைந்ததே. கந்தகத்தைக் கொண்டு அளவோடு சில சுவர்களை இடித்து இணைப்பதைத்தான் ரப்பர்த் தொழிலில் வல்கனைஸ் செய்தல் என்கிறார்கள். அதற்கு மேலும் பிராணவாயு தன் விருப்பத்துக்கு ஆண்டுக்கணக்கில் வேலை செய்தால் ரப்பர் மென்மை இழந்து கல்லாகிறது. அந்தத் துப்பாக்கிகளின் திண்டுகள் காலப்போக்கில் அப்படித்தான் இறுகிப்போயின. ஒரே பின்கட்டையில், நான்கு விரல் இடைவெளியில், ஒரே வாயு மரத்தின் மேலிருந்த எண்ணெயைப் பக்குவப்படுத்தியது, ரப்பரைப் பாழ்படுத்தியது! டயர்களில் இக்கேட்டைத் தாமதிக்கச் சேர்ப்பவையும், குழவியைக் கொடுத்துவிட்டு அமைதியாக இருந்துவிடும் அந்தச் சாது வகையைச் சேர்ந்தவைதாம்.

ரப்பர் கொட்டையின் பருப்பில் எடைக்குப் பாதியளவு வரை எண்ணெய் உண்டு. அதன் அயோடின் எண் பெரும்பாலும் 130-க்கும் 145-க்கும் இடையில் நிற்கிறது. நல்லெண்ணெய்க்கு மேல், ஆளிக்குக் கீழ். அரைகுறையாக உலரும் எண்ணெய் என்று அதை வகைப்படுத்துவார்கள். ஆகவே, வாசகரே, துப்பாக்கிக் கட்டையில் அதைத் தொடவேண்டாம். ஆனால் சோதித்துப் பார்க்காமலும் விடவேண்டாம். ஒரே பலகையிலிருந்து மூன்று துண்டுகள் அறுத்து, ஒன்றில் துங், ஒன்றில் காய்ச்சிய ஆளி, ஒன்றில் உங்கள் தோட்டத்துக் கொட்டை எண்ணெய் தடவித் துடைத்து, நிழலான வராந்தாவில் வையுங்கள். தினமும் காலையில் சுத்தமான விரலை ஒவ்வொன்றின் மேலும் வைத்து எடுத்து, ரேகை பதிகிறதா என்று குறித்துக்கொண்டு வந்து, மூன்றாவது துண்டில் ரேகை பதியாமற்போன நாள் எதுவென்று எனக்கு எழுதுங்கள்.