கையுறை போட்டா மட்டும் போதுமா?

அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்தவர் கேரன் வெட்டர்ஹான். 1996 ஆகஸ்டில் ஆய்வகத்தில் அவர் வேலை செய்தபோது டைமெத்தில் மெர்க்குரி என்ற பாதரச நஞ்சு ஓரிரு சொட்டு கையுறைமேல் விழுந்தது. லேடக்ஸ் கையுறை. அன்றைய விதிப்படி அவர்மேல் தப்பே இல்லை. ஐந்து மாதம் கழித்து நடை தள்ளாடியது, பேச்சு குழறியது. 1997 ஜூனில் இறந்தே போனார். அப்புறம் சோதித்துப் பார்த்தால், அந்த நஞ்சு லேடக்ஸைச் சில நொடியில் கடந்துவிடுகிறது! பிறகுதான் பல அடுக்குப் பிளாஸ்டிக் கையுறை, அதற்குமேல் தடித்த இன்னொன்று என்று விதி மாறியது.

விவரம் தெரிந்த ஆய்வகத்திலேயே இந்தக் கதி. இயற்கை விவசாயத்துக்கு முழுசா மாறும்வரை மருந்து அடிக்கிறவங்க, மெல்லிய ஆஸ்பத்திரிக் கையுறையை நம்பாதீங்க. துணிக் கையுறை இன்னும் மோசம், நஞ்சை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். உள்ளே துணி வைக்காத தடித்த நைட்ரைல் கையுறையைக் கேட்டு வாங்குங்க.