கால் ரூபாய்க் கொழுந்து

திருவண்ணாமலையில் தேயிலை விளைவதில்லை. வெயில் காயும் இந்த மண்ணுக்குத் தெரிந்தது நெல்லும் கரும்பும் மல்லாட்டை எனும் வேர்க்கடலையும்தான். ஆனால் பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றி வருபவர்களுக்குக் கால் வலியை மறக்கச் செய்வது வழியோரத்து டீக்கடை. அஷ்டலிங்கங்களுக்கு இடையில் எத்தனை கடைகள் என்று எண்ணிப் பார்த்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். விளையாத ஊரில் இவ்வளவு குடிக்கிறோமே, இது எங்கிருந்து வருகிறது, விளைவித்தவர் எப்படி இருக்கிறார் என்ற கேள்வி எனக்கு மிகத் தாமதமாகத்தான் வந்தது.

1990-களின் இறுதியில் நான் வழக்கமாக நின்ற கடையில் பித்தளை பாய்லர் இருந்தது. அதன் வயிற்றில் கரி எரியும். மாஸ்டர் விடியுமுன் வந்து சாம்பலைத் தட்டிக் கரியை மூட்டினால், முதல் டீ வர முக்கால் மணி நேரம் ஆகும். துணி வடிகட்டியில் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றி டிகாஷன் இறக்குவார். பக்கத்துத் தெருப் பசுவின் பால். தடித்த கண்ணாடி கிளாஸ். டீ 2 ரூபாய்.

இன்று அதே இடத்தில் எவர்சில்வர் பாய்லர், அடியில் காஸ் அடுப்பு. பத்தே நிமிடத்தில் முதல் டீ வந்துவிடுகிறது. பால் பாக்கெட்டில் வருகிறது, தூளும் பாக்கெட்டில் வருகிறது. இடையில் சில காலம் பிளாஸ்டிக் கப்புகள் கிரிவலப் பாதையின் இரு ஓரத்தையும் மூடிக் கிடந்தன. 2019 ஜனவரி 1-ல் தமிழக அரசு ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தடை செய்தபோது, பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்புகளும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. குப்பை முழுதும் போய்விடவில்லை. ஆனால் சில கடைகளில் கண்ணாடி கிளாஸ் திரும்பி வந்திருக்கிறது. டீ இப்போது 12 ரூபாய், சில கடைகளில் 15.

இந்தக் கிளாஸின் மறுமுனை முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், நீலகிரியில் இருக்கிறது.

நீலகிரியில் தோட்டத் தேயிலை 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரத் துரைமார்களோடு வந்தது. படுகர்களின் ஊர்களான ஹட்டிகளின் சிறு நிலங்களில் அது பரவியது பெரிதும் அதற்குப் பின்னால்தான். அங்கே முன்பு சாமையும் கேழ்வரகும் விளைந்தன. பின்னர் உருளைக்கிழங்கு வந்தது. 1961-ல் உருளைக்கிழங்கில் முட்டைக்கூடு நூற்புழு கண்டறியப்பட்டது. கிழங்கு கைவிட்ட நிலங்களில் தேயிலைக் கன்றுகள் இறங்கின. 1962-ல் குந்தாவில் முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை, 1963-ல் குன்னூரில் தேயிலை ஏலம், 1965-ல் கூட்டுறவு ஆலைகளை இணைக்கும் இண்ட்கோசர்வ் என அடுத்தடுத்து அமைந்தன. துரைமார் தோட்டத்துப் பயிர் குடியானவன் பயிராக வேகமாக மாறத் தொடங்கியது அந்த ஆண்டுகளில்தான். அன்று உணவுக்கும் விற்பனைக்குமாகப் பல பயிர் இருந்த நிலத்தில் இன்று ஒற்றைப் பயிர் நிற்கிறது. கையில் வாராவாரம் காசு புரள வழி பிறந்தது. வீட்டுத் தானியக் குதிர் காலியானது. சுமார் 65,000 சிறு விவசாயிகள் இன்று நீலகிரியில் தேயிலையை நம்பி இருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு ஒரு ஹெக்டேருக்கும் குறைவான நிலம்தான்.

நம் ஊர்ப்பக்கத்துக்கும் தேயிலைக்கும் இன்னொரு பழைய உறவு உண்டு. திருவண்ணாமலை 1989 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. பிரிட்டிஷ் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணிமார் ஆள் சேர்த்த மாவட்டங்களில் வட ஆர்க்காடும் ஒன்று. பஞ்சத்துக்குத் தப்பிப் போனவர்களின் பேரப்பிள்ளைகளைத்தான் 1964-ன் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் எண்ணிக்கையாகப் பங்கு போட்டது: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. திரும்பி வந்தவர்களுக்கு வேலை தர 1968-ல் தமிழக அரசு தொடங்கிய தோட்டத் திட்டமே பின்னாளில் டான்டீ என்ற அரசு நிறுவனமானது. வனத்துறை நிலத்தில் காட்டைத் திருத்தித் தேயிலை நட்டார்கள். வீடற்று வந்தவர்களுக்கு லயன் வீடும் தினக்கூலியும் கிடைத்தன. சோலைகளும் புல்வெளிகளும் அந்தக் கணக்கில் செலவாக எழுதப்படவில்லை.

அரை நூற்றாண்டு கழித்து 2022-ல், டான்டீயின் 2,152 ஹெக்டேர் நிலத்தை வனத்துறைக்கே திருப்பித் தர அரசு ஆணையிட்டது. நிறுவனத்தின் நஷ்டம், ஆள் பற்றாக்குறை, யானை நடமாட்டம் எல்லாம் அதற்குப் பின்னால் இருந்தன. காடு திரும்பும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 1980-களில் மொட்டையாகக் கிடந்து கோடைதோறும் தீப்பிடித்த எங்கள் ஊர் அண்ணாமலை மலையே, மரம் நட்டும் தீத்தடுப்புக் கோடு வெட்டியும் பலர் பாடுபட்டதில் இன்று பச்சை போர்த்தி நிற்கிறது. ஆனால் அந்த 2,152 ஹெக்டேரில் இரண்டு தலைமுறையாகக் கூடை சுமந்தவர்கள், இலங்கைக் கரையிலிருந்து பெயர்க்கப்பட்டு வந்தவர்களின் பிள்ளைகள். காட்டுக்கு நிலம் திரும்புகிறது; அவர்கள் திரும்ப எந்த ஊர் இருக்கிறது? நீடித்த வளர்ச்சி என்று சொல்லும்போது இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத வேண்டியிருக்கிறது.

இனி விலையின் கதைக்கு வருவோம். முன்பு நீலகிரித் தேயிலையின் விலையைப் பெரிதும் தீர்மானித்தது சோவியத் ஒன்றியம். ரூபாய் வணிகத்தில் அவர்கள் வாங்கிக் குவித்தார்கள். எவ்வளவு பறித்தாலும் விற்றது. அதனால் தரத்தைவிட எடை பெரிதானது. 1991-ல் சோவியத் உடைந்த பிறகும் சில ஆண்டுகள் அந்தச் சந்தை தாக்குப்பிடித்தது. 1998-ல் பச்சைத் தேயிலை கிலோ 15 ரூபாயைத் தொட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் 5 ரூபாய்க்கு விழுந்தது. கடன் வாங்கி வீடு கட்டியவர்களும் கல்யாணம் முடித்தவர்களும் தவித்துப் போனார்கள். அன்று விழுந்தது முழுதாக எழவே இல்லை என்பது மலைக்காரர்களின் பேச்சு. இன்று இந்தியத் தேயிலையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை இந்தியர்களே குடிக்கிறோம். குன்னூரில் அன்று குரல் கொடுத்துக் கேட்ட ஏலம் இன்று கணினித் திரையில் ஓசையின்றி நடக்கிறது. விலையைத் தீர்மானிக்கும் வாய் மாஸ்கோவில் இல்லை, நம் தெருவில் இருக்கிறது.

ஒரு நாள் கடை பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ தூளுக்கு சுமார் நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஒரு கிலோ தூளில் கிளாஸுக்கு இரண்டரை கிராம் வீதம் 400 டீ போடலாம். 1998-ல் கொழுந்து 15 ரூபாய் விற்றபோது, நான் குடித்த 2 ரூபாய் டீயில் விவசாயிக்குப் போனது 17 பைசா. அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. விலை விழுந்த 2000-ல் 6 பைசாகூட இல்லை. அண்மை ஆண்டுகளில் கொழுந்து விலை பெரும்பாலும் 15 ரூபாய்க்கும் 25 ரூபாய்க்கும் இடையில் ஏறி இறங்குகிறது. 20 என்றே வைத்தாலும், இன்றைய 12 ரூபாய் டீயில் விவசாயிக்குச் சேர்வது இருபத்திரண்டரை பைசா. ஐம்பதில் ஒரு பங்குக்கும் கீழே. டீ விலை ஆறு மடங்கு ஆனது. கொழுந்து விலை ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை. பால், சர்க்கரை, காஸ், வாடகை, மாஸ்டர் சம்பளம் எல்லாம் ஏறியிருக்கின்றன, கடைக்காரர் கொழித்துவிடவில்லை. ஏறாமல் நின்றது மலையில் இருப்பவரின் பங்கு மட்டும்தான்.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு கோத்தகிரிப் பக்கம் போனபோது தேயிலைச் சரிவுகள் வேறு மாதிரித் தெரிந்தன. அன்று பெண்கள் கூடையை நெற்றியில் மாட்டி, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கையால் கிள்ளினார்கள். ஏழு முதல் பத்து நாளுக்கு ஒரு சுற்று. நல்ல கை ஒன்று நாளுக்கு 20, 25 கிலோ எடுக்கும். இன்று கத்தரியும் மோட்டார் இயந்திரமும் அதைப் போலப் பல மடங்கு வெட்டுகின்றன. ஹட்டியின் இளைஞர்கள் கோவைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். சரிவுகளில் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களின் பேச்சு கேட்கிறது. இயந்திரம் இல்லையென்றால் பல நிலங்கள் பறிக்க ஆளின்றிக் காடேறிப் போயிருக்கும். அதே இயந்திரம் கொழுந்தோடு முற்றிய இலையையும் காம்பையும் சேர்த்தே வெட்டுகிறது. ஆலையில் தரம் பிரிக்கும்போது விலை குறைகிறது; விலை குறைவதால் கைப்பறிப்புக்குக் கூலி கொடுக்க முடிவதில்லை. செக்கு மாடு போல இந்த வட்டம் சுற்றுகிறது.

நான் பார்த்த ஒரு சிறு தோட்டத்தில் மட்டும் இந்த வட்டம் சற்று வெட்டுப்பட்டிருந்தது. அங்கே கவாத்து முடிந்திருந்தது. வெட்டிய கிளைகளை விறகுக்குக் கொண்டுபோகாமல் வரிசைகளுக்கு இடையே பரப்பி விட்டிருந்தார்கள். ஒரு கை அள்ளிப் பார்த்தேன். மேலே உலர்ந்த சருகு, நடுவில் கருத்து மக்கிய இலை, அடியில் ஈர மண்ணும் நெளியும் மண்புழுவும். நிழலுக்கு சில்வர் ஓக் மரங்கள் நின்றன. வேலி ஓரம் வரிசையாகக் களை விடப்பட்டிருந்தது. களைக்கொல்லி அடித்த பக்கத்து நிலத்தில் மண் சிவந்து, மழைக் கோடுகள் விழுந்திருந்தன. இரண்டுக்கும் நடுவில் ஒரு நடைபாதைதான். “மண்ணு நம்ம கூட இருந்தா செடி இன்னும் முப்பது வருசம் நிக்கும் சார்” என்றார் நிலத்துக்காரர். விலையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆலைக்குள்ளும் காலம் மாறியிருக்கிறது. முன்பு இலையைச் சுருட்டும் ஆர்தடாக்ஸ் முறைதான் பெருவழக்கு. 1930-களில் அசாமில் பிறந்த சி.டி.சி. இயந்திரம், நசுக்கிக் கிழித்துச் சுருட்டி, சீக்கிரம் சாயம் இறங்கும் குருணைத் தூளைத் தந்தது. நம் டீக்கடையின் கடுஞ்சிவப்பு அதன் பிள்ளை. மணமோ ஆர்தடாக்ஸிடம் தங்கிவிட்டது. நீலகிரி ஆர்தடாக்ஸ் தேயிலைக்கு 2008-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சி.டி.சி. கொடுத்த அளவும், ஆர்தடாக்ஸ் வைத்திருந்த வாசனையும் ஒரே ஆலையில் சேர்வது இன்றும் அரிது.

இலையை வாட்டவும் உலர்த்தவும் நெருப்பு வேண்டும். ஒரு கிலோ தூளுக்கு ஒரு கிலோ முதல் ஒன்றரை கிலோ வரை விறகு என்பது சிறு ஆலைகளில் பழைய பழக்கம். ஈர மரத்தை அப்படியே அடுப்பில் தள்ளினார்கள். வெப்பத்தில் ஒரு பங்கு ஈரத்தை ஓட்டவே போனது. 2000-களின் பிற்பகுதியில் தேயிலை வாரியமும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டமும் தென்னிந்தியச் சிறு ஆலைகளுக்காக ஓர் எரிபொருள் சிக்கனத் திட்டத்தை நடத்தின. விறகைச் சிறிதாகப் பிளப்பது, கொட்டகையில் காய வைப்பது, விவசாயக் கழிவை அழுத்திச் செய்த கட்டிகளை எரிப்பது என எளிய மாற்றங்களே பெரிதும் பலன் தந்தன. நம் ஊரில் குப்பையாகும் மல்லாட்டைத் தோலும் அப்படிக் கட்டியாக்க ஏற்றதுதான். அது எரிந்தால் மலையில் ஒரு கற்பூர மரமாவது கூடுதலாக நிற்கும்.

நல்ல மாற்றமும் நிதானமாக வர வேண்டும் என்பதற்கு இலங்கை சாட்சி. 2021-ல் அங்கே ரசாயன உரத்தை ஒரே ஆணையில் தடை செய்தார்கள். சில மாதங்களில் தடையைத் தளர்த்தியும் பயனில்லை, 2021-ல் 29.9 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022-ல் சுமார் 25 கோடி கிலோவாகச் சரிந்தது. மண்ணைக் காக்கும் எண்ணம் சரியானது. மண் மாறக் கொடுக்க வேண்டிய ஆண்டுகளையும், அந்த ஆண்டுகளில் விவசாயி சாப்பிட வேண்டிய சோற்றையும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கவாத்துக் கழிவை மண்ணில் விட்ட அந்தச் சிறு விவசாயி, அப்படி விட்ட விறகின் விலையைத் தன் பையிலிருந்துதான் கொடுத்திருக்கிறார்.

2023 செப்டம்பரில் நீலகிரிச் சிறு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். கொழுந்துக்கு 30 ரூபாய்க்கு மேல் ஆதார விலை வேண்டும் என்பது கோரிக்கை. பின்னர் கூட்டுறவு ஆலைகளின் உறுப்பினர்களுக்கு அரசு கிலோவுக்கு 2 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. வந்தது நல்லது, கேட்டதற்கும் வந்ததற்கும் இடையே இருந்த தூரம் பெரியது.

போன பௌர்ணமிக்குக் கிரிவலம் முடித்து அதே கடையில் நின்றேன். கண்ணாடி கிளாஸில் டீ வந்தது. பழைய கணக்கைத் திருப்பிப் போட்டேன். ஒரு டீக்குக் கூடுதலாகக் கால் ரூபாய் மலைக்குப் போய்ச் சேர்ந்தால், கிலோ தூளுக்கு 100 ரூபாய், கிலோ கொழுந்துக்கு 22 ரூபாய் கூடும். இப்போதைய விலையோடு அது சேர்ந்தால், உண்ணாவிரதம் இருந்து அவர்கள் கேட்ட விலையைத் தாண்டிவிடும். மண்ணைப் பார்த்துக்கொள்ளவும், பறிப்பவருக்கு நல்ல கூலி கொடுக்கவும், சரிவில் ஒரு துண்டை மரத்துக்கு விட்டுவைக்கவும் அது போதும்.

15 ரூபாயைக் கொடுத்தேன். மிச்சம் 3 ரூபாய் வந்தது. கல்லாவில் கால் ரூபாய் நாணயம் இருக்காது. 2011 ஜூன் 30-ஓடு அது செல்லாக் காசாகிவிட்டது. ஏறத்தாழ என் கையில் புழங்காத அந்தக் காசின் அளவுதான், இந்தக் கிளாஸுக்காக மலையில் ஒரு விவசாயிக்கு இன்றும் பங்காகக் கிடைக்கிறது.