மரங்களை எண்ணிய ஜெர்மானியர்

காட்டை வெட்டினால் அழியும். வெட்டவே கூடாது என்றால் வீட்டுக்கும் கப்பலுக்கும் பலகை கிடைக்காது. இந்தச் சிக்கலுக்குக் கணக்கின் வழியே விடை தேடியவர் ஜெர்மானிய வன அறிவியலாளர் டீட்ரிச் பிராண்டிஸ்.

1824ஆம் ஆண்டு போன் நகரில் பிறந்த இவர், தாவரவியல் கற்று அங்குள்ள பல்கலைக்கழகத்தில் போதித்து வந்தார். 1856இல் பிரிட்டிஷ் ஆட்சியினர் இவரைப் பர்மாவின் பெகு தேக்குக் காடுகளுக்குக் கண்காணிப்பாளராக நியமித்தனர். வணிகர்கள் வரைமுறையின்றித் தேக்கை வெட்டிக்கொண்டிருந்த காலம் அது.

பிராண்டிஸ் யானை மீதேறிக் காட்டை ஊடறுத்துச் சென்றார். கண்ணில் பட்ட தேக்கு மரங்களைப் பருமன் வாரியாகப் பிரித்து, மூங்கில் குச்சிகளில் கத்தியால் குறியிட்டு எண்ணினார். அவரது கணக்கு எளிமையானது. எடுத்துக்காட்டாக, ஒரு காட்டில் முதிர்ந்த மரங்கள் 2,400 உள்ளன. அடுத்த நிலை மரங்கள் முதிர 24 ஆண்டுகள் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஆண்டுக்கு 100 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. வட்டியை மட்டும் எடுத்து முதலைக் காப்பது போன்றது இது.

மலைவாழ் காரென் மக்களையும் அவர் துணையாகச் சேர்த்துக்கொண்டார். அவர்கள் காட்டைத் திருத்தி நெல் விதைக்கும்போதே ஊடே தேக்கையும் நட்டனர். பயிர் செய்து அவர்கள் வேறிடம் பெயர்ந்ததும் அங்கே தேக்குத் தோப்பு வளர்ந்தது. 'தௌங்யா' எனப்படும் இம்முறை பின்னர் பல நாடுகளுக்கும் பரவியது.

1864இல் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைமை ஆய்வாளரானார். 1878இல் டேராடூனில் வனப் பள்ளி தொடங்கப்படவும் அவரே காரணமாக இருந்தார்.

ஆனால் காடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எழுந்தது. முழு உரிமையும் அரசுக்கே வேண்டும் என்றார் பேடன் பவல் என்ற அதிகாரி. விறகும் மேய்ச்சலும் கிராமத்தாரின் தேவை; அதற்கெனக் கிராமக் காடுகள் வேண்டும் என்றார் பிராண்டிஸ். 1878ஆம் ஆண்டு வனச் சட்டம் பெரும்பாலும் அரசின் பிடியையே இறுக்கியது. காட்டை நம்பி வாழ்ந்த எத்தனையோ குடும்பங்கள் தங்கள் உரிமையை இழந்தன. கிராமக் காடுகளுக்கு அச்சட்டத்தில் இடம் இருந்தும், அது பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது. சென்னை மாகாணத்தின் 1882ஆம் ஆண்டு வனச் சட்டம் உருவானபோதும் பிராண்டிஸ் அங்கு ஆலோசகராகப் பணியாற்றினார்.

1883இல் ஓய்வு பெற்ற பின்னரும் அவர் சும்மா இருக்கவில்லை. மலேசியர்களுக்கு நன்கு தெரிந்த மெரந்தி, செங்கால், கெருயிங் ஆகியவை அடங்கிய டிப்டெரோகார்ப் மரக் குடும்பத்தைத் தொகுத்து 1895இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவரான கிஃபர்ட் பின்சோவும் இவரிடம் அறிவுரை பெற்றவரே. 'இந்திய மரங்கள்' என்ற பெருநூலை 1906இல் வெளியிட்ட பிராண்டிஸ், மறு ஆண்டு போன் நகரிலேயே காலமானார்.

வளரும் அளவுக்கு மட்டுமே வெட்டு என்ற அவரது கணக்கை வனத்துறைகள் ஏற்றுக்கொண்டன. காட்டோரம் வாழ்பவனுக்கும் அதில் பங்கு உண்டு என்ற அவரது மற்றொரு கருத்துக்கோ இன்றும் பல நாடுகளில் போராட வேண்டியுள்ளது.