வினைச்சொல் நிற்கும் இடமே தடயம்: ஜெர்மன் குழந்தைகளின் மொழிக் குறைபாட்டை அறிவது எப்படி?

குழந்தையின் செவித்திறன் நன்றாக உள்ளது. அறிவு வளர்ச்சியிலும் குறையில்லை. ஆயினும், 4 வயதாகியும் முழுமையான வாக்கியம் அமைக்க இயலவில்லை. இந்நிலை 'மொழி வளர்ச்சிக் குறைபாடு' எனப்படுகிறது. ஜெர்மன் பேசும் குழந்தைகளிடம் இதனைக் கண்டறிய, வாக்கியத்தில் வினைச்சொல் எங்கு நிற்கிறது என்பதை வல்லுநர்கள் முக்கியமாகக் கவனிக்கின்றனர்.

தமிழில் வினைமுற்று பொதுவாக வாக்கியத்தின் இறுதியில் வரும். ஜெர்மன் மொழியின் முதன்மை வாக்கியத்தில் அது இரண்டாம் இடத்தில் வர வேண்டும். 'நான் பால் குடிக்கிறேன்' என்பது அங்கு 'இஷ் டிரிங்கெ மில்ஷ்', அதாவது 'நான் குடிக்கிறேன் பால்' என்ற வரிசையில் அமையும். 'இன்று' என்ற சொல்லை முதலில் வைத்தால், 'நான்' என்பது வினைக்குப் பின்னே நகரும். வினையின் இடம் மாறாது. சார்பு வாக்கியத்தில் மட்டும் வினை இறுதிக்குச் செல்லும்.

சுமார் 2 வயதில் குழந்தைகள் பலரும் 'மில்ஷ் டிரிங்கன்' (பால் குடிக்க) என, விகுதி மாறாத வினையை இறுதியில் வைத்து அடிக்கடி பேசுகின்றனர். இயல்பாக வளரும் குழந்தைகள் 3 வயதுக்குள் பெரும்பாலும் இக்கட்டத்தைக் கடந்துவிடுகின்றனர். 'நீ' என்பதற்குரிய 'ஸ்ட்' போன்ற விகுதிகளைக் கற்கும் அதே காலத்தில், வினையும் இரண்டாம் இடத்துக்கு வந்துவிடுகிறது.

குறைபாடுள்ள குழந்தைகளோ, பள்ளி செல்லும் வயதை நெருங்கும்போதும் 'பால் குடிக்க' என்ற வடிவிலேயே பேசக்கூடும். வேற்றுமை உருபுகளிலும் தடுமாறுகின்றனர்.

இரு பிரிவினரின் மொழியையும் ஒப்பிட்டு 1988-ல் நூல் வெளியிட்ட மொழியியலாளர் ஹரால்ட் கிளாசன், சொல்வரிசையைவிட, எழுவாய்க்கு ஏற்ப வினை விகுதியை மாற்றுவதே இக்குழந்தைகளுக்கு அடிப்படைச் சிக்கல் என்று வாதிட்டார். சரியான விகுதியைப் பயன்படுத்தும்போது, வினையையும் பெரும்பாலும் உரிய இடத்தில் வைக்கின்றனர் என்பது அவரது விளக்கம். இக்கருத்தில் ஆய்வாளர்களிடையே மாறுபாடு உண்டு.

இதற்குக் குழந்தையின் சோம்பலோ, பெற்றோரின் வளர்ப்போ காரணம் அல்ல. இருமொழிச் சூழலும் இக்குறைபாட்டை உண்டாக்குவதில்லை. எனினும், ஜெர்மனை இரண்டாம் மொழியாகக் கற்கும் குழந்தைகளிடமும் தொடக்கத்தில் இதுபோன்ற பிழைகள் காணப்படலாம். எனவே, அவர்களது வீட்டு மொழியையும் மதிப்பிட்ட பின்னரே முடிவுக்கு வர வேண்டும் என வல்லுநர்கள் அறிவுறுத்துகின்றனர்.

ஜெர்மனியில் 21 முதல் 24 மாதங்களுக்குள் நடத்தப்படும் குழந்தைநல மருத்துவப் பரிசோதனையில் பேச்சு வளர்ச்சியும் கவனிக்கப்படுகிறது. 2 வயதில் 50 சொற்களுக்குக் குறைவாகப் பேசுவதும், இரு சொற்களைச் சேர்த்துப் பேசாததும் எச்சரிக்கை அறிகுறிகள். அவர்களில் பலர் பின்னர் மற்றவர்களை எட்டிவிடுகின்றனர்; எட்ட இயலாதவர்களுக்குப் பள்ளிப் பருவத்துக்கு முன்பே பேச்சுப் பயிற்சி கிடைப்பது அவசியம்.